வாசற்கதவைச் சாத்திய சாயங்காலம்

அன்று எங்கள் கூடத்தில் இருந்தவர்கள்: நான், கஸ்தூரிரங்கன், மாநிலச் செயலகத்தில் சார்புச் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவன், என் மனைவி ருக்கு, என் தம்பி சுந்தரம், எங்கள் மகள் வித்யாலட்சுமியின் கணவர் நீல், நீலின் தகப்பனார் ஆம்ப்ரோஸ், வித்யாவின் கவிதைகளைப் புத்தகமாகப் போட விரும்பி வந்த பார்கவி. வேறு யாரும் இல்லை. வித்யா காலமாகி அப்போது ஐந்து மாதம் ஆகியிருந்தது.

எதிர்வீட்டு பாமா கூடத்தில் இல்லை. அவள் தன் வீட்டு மொட்டைமாடியில் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தாள். அங்கிருந்து அவளுக்குத் தெரிந்தது எங்கள் வாசலின் வெளிப்பக்கம் மட்டும். அதை வைத்து அவள் சொன்ன செய்தி மல்லேஸ்வரத்தைத் தாண்டி, எங்கள் உறவுக்காரர்களின் வாட்ஸ்அப் குழு வழியாக அமெரிக்கா வரை போய்விட்டது. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

முதலில் கதவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மைசூர் சமஸ்தானத்தில் அமல்தாராக இருந்த என் தாத்தா கட்டிய வீடு இது. வாசற்கதவு தேக்கு. நடுவில் தாமரை மொட்டு வடிவத்தில் பித்தளைக் குமிழ் உண்டு. இந்தத் தெருவில் வேறு எந்தக் கதவுக்கும் அப்படிக் கிடையாது. விளக்கு வைக்கும் நேரத்தில் கொல்லைக் கதவைச் சாத்திவிட்டு வாசற்கதவைத் திறந்து வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். லட்சுமி வருகிற நேரம் என்பார்கள். என் தகப்பனார் காலமான அன்றுகூட, எடுத்துக்கொண்டு போய்த் திரும்பிய பிறகு, விளக்கேற்றிக் கதவைத் திறந்து வைத்தோம். அந்த நேரத்தில் கதவு சாத்திய வீடு என்று எங்களை யாரும் சொன்னதில்லை.

இனி லத்தீன்.

வித்யா ஒரு கம்பெனியில் மென்பொருள் கையேடுகள் எழுதிக்கொண்டிருந்த காலத்தில், லத்தீன் கற்றுக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். எங்கள் குடும்பத்தில் சமஸ்கிருதம் படித்தவர்கள் உண்டு, பாரசீகம் படித்த ஒரு கொள்ளுத்தாத்தா உண்டு. பாஷைதானே என்று நான் தடுக்கவில்லை. லிங்கராஜபுரத்தில் ஆம்ப்ரோஸ் என்று ஒருவர். பாதிரியார் ஆகப் படிக்கும் பையன்களுக்கு வெகுகாலம் லத்தீன் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். சனிக்கிழமைதோறும் பஸ் பிடித்து அவர் வீட்டுக்குப் போனாள்.

அதற்கு முன்பும் அவள் கவிதை எழுதியவள்தான். எல்லோரும் எழுதுவதுபோல, அடிகளை உடைத்து உடைத்து. லத்தீன் படித்த பிறகு அது மாறியது. ஒரு நீண்ட அடி, ஒரு குறைந்த அடி, மறுபடி நீண்டது, மறுபடி குறைந்தது. புதுக்கவிதை வாசிக்கிற வழக்கம் எனக்கு இல்லை என்றாலும் அது கண்ணில் பட்டது. சாப்பிடும்போது கேட்டேன்.

"என்னடி இது, வெண்பாவுக்கு ஈத்தடி குறையற மாதிரியா?"

"கிட்டத்தட்ட அப்படித்தாம்பா. ஆனா அவா ஒவ்வொரு ரெண்டாவது அடியையும் குறைப்பா. இன்னொரு படி இருக்குன்னு நெனச்சுக் கால் வெப்போமே, இருக்காதே, அந்த மாதிரி."

எனக்கு அது புரிந்தது. அதற்குப் பிறகு கவிதையைப் பற்றி நாங்கள் பேசவில்லை. சில வருஷங்களில் ஆம்ப்ரோஸின் மகன் நீலை அவள் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். நாங்கள் யாரும் போகவில்லை. அன்று சாயங்காலம் இரண்டு பேரும் வந்து வாசலில் நின்றுவிட்டுப் போனார்கள். அதன் பிறகு அவள் இந்த வீட்டுக்குள் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபோனில் பேசுவோம். என் ரத்த அழுத்தம், மெட்ரோ வேலையால் மாறிய பஸ் வழி, கிரிக்கெட். ருக்கு மாதத்துக்கு இரண்டு தடவை லிங்கராஜபுரம் போய் வருவாள். போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போவாள். நான் சரி என்பேன். பதினாறு வருஷம் அப்படிப் போயிற்று.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பத்திரிகையில் வித்யாவின் கவிதைகள் வரிசையாக வந்தன. எல்லாமே ஒரு கதவைப் பார்த்துச் சொல்வது. சாத்திய கதவு. வெளியே படியில் ஒருத்தி உட்கார்ந்து அதைக் கெஞ்சுகிறாள், அதனிடம் வழக்குப் பேசுகிறாள், கடைசியில் சபிக்கிறாள். ஊரில் எல்லோரும் எனக்கு வாசித்துக் காட்டியது இதை:

விளக்கு வைத்த நேரத்தில் வந்தேன், தேக்கு மரமே, உன் தாழ் விழுந்தே கிடந்தது;
தெருவிளக்குதான் எனக்கு எரிந்தது.
கரையான் உன் நிலையைத் தின்னட்டும், ஆடி மழையில் நீ ஊறி உப்பட்டும், தாமரைக் குமிழ் பச்சை பூக்கட்டும்;
நான் படியில் இருக்கிறேன்.

தேக்கு. தாமரைக் குமிழ். அட்ரஸ் போடாததுதான் பாக்கி. கோயிலில் பிரசாதம் வாங்க நின்றபோது, செயலகத்தில் எனக்குக் கீழே வேலை பார்த்த ஒருவர் பக்கத்தில் வந்து, "சார், விளக்கு வைக்கற நேரத்துலயா?" என்று மட்டும் கேட்டார். மகள் சாதி மாறி, மதம் மாறிக் கல்யாணம் செய்துகொண்டதற்குக்கூட அவர் என்னை அப்படிப் பார்த்ததில்லை. கதவு சாத்தப்பட்டிருக்கவில்லை என்று நான் அவரிடம் சொல்லவில்லை. பிரசாதத் தொன்னையோடு நின்று விளக்கம் சொல்வது எனக்குப் பழக்கமில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வித்யா ஃபோன் செய்தாள். நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. குமாரசாமி லேஅவுட் பக்கம் மழை அதிகம் என்று பேசினோம்.

போன ஆடி மாதம் அவளுக்குத் தலையில் ரத்தக்குழாய் வெடித்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது. கல்லறையில் நான் நின்றேன். என் செருப்பில் செம்மண் ஒட்டியிருந்தது. வீட்டுக்கு வந்து வாசல் குழாயில் கழுவினேன். அதுதான் நினைவிருக்கிறது.

பிறகு நீலிடமிருந்து ஃபோன். பார்கவி என்கிற பெண் புத்தகம் போடுகிறாள், ஈஜிபுராவில் இருக்கிறாள், பகலில் ஐ.டி. வேலை, வாடகை வீட்டின் முன்னறையில் பதிப்பகம் என்று சொன்னார். "சட்டப்படி உரிமை எனக்குத்தான் சார். ஆனா நீங்க வேணாம்னா புக்கு வேணாம். வித்யா இருந்திருந்தாலும் அதான் சொல்லியிருப்பா." நீல் என்னை சார் என்றுதான் அழைப்பார். வேறு எப்படி அழைப்பது என்று நாங்கள் யாரும் சொல்லவில்லை.

ஆகவே என் மகளின் புத்தகம் வருமா வராதா என்பது என் ஒரு வார்த்தையில் இருந்தது. நேரில் வரச் சொன்னேன்.

நாலு மணிக்கு என்று பேச்சு. ஆம்ப்ரோஸ் ஆட்டோவில் நேரத்துக்கு வந்தார். எண்பதைத் தாண்டியவர், ஷூவைக் கழற்றிச் சுவரோரம் ஜோடியாக வைத்துவிட்டு, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பதினாறு வருஷமாக சம்பந்தி. இந்த வீட்டுக்குள் அவர் வருவது அதுதான் முதல் தடவை. பார்கவி ஒரு பெரிய காமிராப் பையோடு வந்தாள். நீல் மட்டும் வரவில்லை. பொம்மசந்திராவில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் வேலை. ஓசூர் ரோட்டில் லாரி ஒன்று சாய்ந்து கிடக்கிறது என்று செய்தி அனுப்பினார். ருக்கு காபி கொடுத்தாள். என் தம்பி சுந்தரம் கூப்பிடாமலே வந்திருந்தான். அவன் எப்போதும் அப்படித்தான்.

நீல் வந்தபோது ஐந்தரை தாண்டிவிட்டது. தலைக்கவசத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓரத்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

நான் சுற்றி வளைக்கவில்லை. "புத்தகம் வரட்டும். ஒரு கவிதை மட்டும் வரக்கூடாது. விளக்கு வைத்த நேரம்னு ஆரம்பிக்கறது. அதை எடுத்துடுங்கோ. மத்ததுல எனக்கு ஆட்சேபணை இல்லை" என்றேன்.

பார்கவி ஆம்ப்ரோஸைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, "சார், அதுதான் அந்த வரிசையிலேயே முக்கியமானது. அதை எடுத்துட்டா மத்த கவிதைங்க எதுக்காகப் பேசுதுன்னே தெரியாது" என்றாள். "இன்னொண்ணும் கேக்கணும். அட்டைக்கு இந்தக் கதவைப் போட்டோ எடுக்கலாம்னு..."

"நன்னா இருக்கு!" என்று சுந்தரம் தொடையில் தட்டினான். "அண்ணா, பேசாம கதவு சார்பா மானநஷ்டக் கேஸ் போட்டுடலாம். நீ கார்டியன், நான் சாட்சி. லத்தீன்லயே திட்டியிருந்தா ஒருத்தருக்கும் புரிஞ்சிருக்காது. பொண்ணு தமிழ்ல திட்டிட்டா, அதான் ப்ராப்ளம்."

"சும்னிரு சுந்தரா."

"நான் சும்மாதான் இருக்கேன். ஊர்தான் சும்மா இருக்க மாட்டேங்கறது."

ஆம்ப்ரோஸ் கோப்பையைத் தட்டில் வைத்தார். சத்தமில்லாமல் வைத்தார்.

"சார், நான் ஒண்ணு சொல்லலாமா? அது ஒரு வழக்கம். பழைய ரோமாபுரியில காதல் கவிதை எழுதறவங்க அனேகமா எல்லாருமே ஒரு கதவுப் பாட்டு எழுதுவாங்க. விருந்துல குடிச்சிட்டு, தலையில மாலையோட, ஒருத்தன் அவ வீட்டு வாசல்ல வந்து விழுந்து கிடப்பான். கதவு சாத்தியிருக்கும். அதைக் கெஞ்சுவான், திட்டுவான். அப்படி ஒரு ராத்திரி அவனுக்கு நெஜமா நடந்துதான்னு யாரும் கேக்க மாட்டாங்க. நம்ம பழைய அகப்பாட்டுல தலைவின்னு வந்தா, எந்த ஊரு, யாரு வீட்டுப் பொண்ணுன்னு நாம விசாரிப்போமா?"

"விசாரிக்க மாட்டோம், மிஸ்டர் ஆம்ப்ரோஸ். ஏன்னா அகப்பாட்டுல என் ஆத்துக் குமிழ் வராது."

"வராது" என்று அவர் ஒத்துக்கொண்டார். "நானும் அவகிட்ட அதைச் சொன்னேன். மத்தவங்க பாட்டை எடுத்து உன் வீட்டு வாசல்ல மாட்டாத, ஜனங்க நெஜம்னு நெனப்பாங்கன்னு. கேக்கல. அங்க காதலன் நின்ன இடத்துல இவ மகளை நிக்க வெச்சா. அந்தப் பாட்டுங்க ரெண்டாயிரம் வருஷமா காத்துனு இருந்தது இதுக்குத்தான் போலன்னு எனக்கே தோணிச்சு. ஆனா நேரத்தை அவ மாத்தியிருக்கணும். அங்க இருட்டினா கதவைச் சாத்துவாங்க, அது சாதாரணம். இங்க அது எவ்வளவு பெரிய பேச்சுன்னு எனக்குத் தெரியாது சார். எங்க வீட்ல கொசு வரும்னு ஆறு மணிக்கே சாத்திடுவோம்."

சுந்தரம்கூடச் சிரிக்கவில்லை.

"தெரியாதது உங்களுக்கு. அவளுக்குத் தெரியும்" என்றேன். "இந்த ஆத்துல பொறந்தவ. விளக்கு வெச்சா கதவு தொறந்திருக்கும்னு தெரிஞ்சே தாழ் போட்டிருந்ததுன்னு எழுதினா. அது பொய். அன்னிக்குக் கதவு தொறந்திருந்தது. நான் இதோ இந்த நாற்காலியிலதான் உக்காந்திண்டிருந்தேன்."

அதுவரை அந்தச் சாயங்காலத்தைப் பற்றி நான் யாரிடமும் பேசியதில்லை. பேச ஆரம்பித்துவிட்டதால் முழுவதையும் சொன்னேன். விளக்கு ஏற்றியாகிவிட்டது. கேட் திறக்கிற சத்தம் கேட்டது. வித்யா பச்சைப் புடவையில் இருந்தாள். கல்யாண மாலையை ஒரு பிளாஸ்டிக் பையில் வைத்திருந்தாள். பக்கத்தில் இவர். இரண்டு பேரும் நிலைக்கு வெளியே நின்றார்கள். காலில் செருப்பு இருந்தது. உள்ளே வருகிறவர்கள் செருப்பைக் கழற்றுவார்கள். கழற்றாமல் நிற்பவர்கள் வரப்போவதில்லை என்று அர்த்தம். பார்த்துவிட்டுப் போக வந்திருக்கிறார்கள். வா என்று நான் சொல்லவில்லை. சொந்த வீட்டுப் பெண்ணுக்கு யாராவது வா சொல்வார்களா? விருந்தாளியைத்தான் அழைப்போம். கதவு திறந்திருந்தது, அவள் வீடு, வருவதானால் வருவாள் என்று இருந்தேன். கொஞ்ச நேரம் நின்றார்கள். பிறகு கேட் சத்தம் மறுபடி கேட்டது.

"அவ்வளவுதான் நடந்தது" என்றேன். "யாரும் யாரையும் வெளியே நிறுத்தலை."

நீல் தலைக்கவசத்தின் கண்ணாடியை மேலே தள்ளினார், கீழே இறக்கினார். பிறகு நிமிராமலே பேசினார்.

"நான் ஷூவைக் கழட்டப் போனேன் சார். வித்யாதான் கையைப் புடிச்சா. 'கழட்டாத. நெலையைத் தாண்டாத. மொத தடவை வர்றோம், அம்மா ஆரத்தித் தட்டு எடுத்துனு வருவா, சுத்தி முடிச்சப்பறம்தான் வலது கால் வெச்சு உள்ள போகணும்'னா. எனக்கு இதெல்லாம் தெரியாது. அவ சொன்னபடி நின்னேன். நெத்தியில பொட்டு வெப்பாங்க, தொடச்சிடாதன்னும் சொன்னா."

மிக்ஸி ஓடுவதுபோல அடுத்த வீட்டில் ஏதோ சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது நின்றது.

ருக்கு சமையலறை வாசலில் நின்றிருந்தாள். அவள் எப்போது வந்தாள் என்று தெரியவில்லை.

"கரைச்சு வெச்சிருந்தேன்" என்றாள்.

"என்னது?"

"ஆரத்தி. மஞ்சளும் சுண்ணாம்பும் போட்டுக் கரைச்சு, தட்டுல வெத்தலைமேல கற்பூரம் வெச்சிண்டு, இதே எடத்துல நின்னேன். நீங்க ஒரு வார்த்தை சொல்லுவேள்னு."

"நீ ஏன் எடுத்துண்டு வரலை?"

"நீங்க வான்னு சொல்லாம நான் எப்படித் தட்டைத் தூக்கிண்டு வருவேன்? கல்யாணத்துக்குப் போகக்கூடாதுன்னு சொன்னது யாரு? நீங்க பேப்பரை மடிச்சேள். எழுந்துக்கப் போறேள்னு நெனச்சேன். மறுபடி பிரிச்சேள்."

"அந்த ஆரத்தியை என்ன பண்ணினே?"

"வாசல்ல கொட்டறதுதானே முறை? யாருக்குச் சுத்தினேன், கொட்ட? பாத்திரம் தேய்க்கற எடத்துல ஊத்தினேன். ராத்திரி உங்களுக்கு மோர்சாதம் போட்டபோது கையெல்லாம் செவப்பா இருந்தது. நீங்க பாக்கலை."

"வித்யாகிட்ட சொன்னியோ?"

"அடுத்த வாரமே லிங்கராஜபுரம் போய்ச் சொன்னேன். 'அப்பா செருப்பைப் பாத்திருப்பார்மா'ன்னா. வேற ஒண்ணும் சொல்லலை."

நான் என் கோப்பையைப் பார்த்தேன். காபியில் ஆடை படிந்திருந்தது. கையில் எடுத்தேன், குடிக்கத் தோன்றவில்லை, வைத்துவிட்டேன். ஏதாவது தோன்ற வேண்டிய இடம் அது என்று தெரிந்தது. ஊசி போட்ட பல்லை நாக்கால் தொட்டால் இருக்குமே, அப்படி இருந்தது.

முதலில் பேசியது சுந்தரம்தான். அவன் குரலில் கேலி இல்லை. "அப்ப கொழந்தைக்கு எல்லாம் தெரியும். தொறந்திருந்ததும் தெரியும், தட்டு இருந்ததும் தெரியும். தெரிஞ்சிண்டு ஏன் தாழ் போட்டிருந்ததுன்னு எழுதினா?"

ஆம்ப்ரோஸ் மடியில் இருந்த அச்சுத்தாள்களை எடுத்தார். கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டார்.

"அந்தப் பாட்டுங்கள்ல கதவு எதுக்குன்னு அவ என்னைக் கேட்டிருக்கா. உள்ள இருக்கறவளை அவனால திட்ட முடியாது சார். திட்டினா அப்புறம் எப்படி அங்க போறது? அதனால பழியெல்லாம் மரத்துக்கு. கதவு கல்நெஞ்சு, கதவு காவக்காரன், கதவு கெட்டுப் போகட்டும். உள்ள இருக்கறவங்க தூங்கறாங்க, அவங்களுக்கு ஒண்ணும் கேக்கல. அதுக்குத்தான் கதவு. அதுக்குக் கதவு சாத்தியிருக்கணும். தெறந்திருந்தா பாட்டே இல்ல. தெறந்திருந்தா, உள்ள இருக்கறவரைப் பத்தித்தான் எழுதணும்."

தாள்களை என் பக்கம் நீட்டினார். வாங்கிக்கொண்டேன். அந்த வரிசையை நான் பத்திரிகையில் பல தடவை வாசித்திருக்கிறேன். தேக்கையும் குமிழையும் விளக்கு நேரத்தையும்தான் பார்த்திருந்தேன். இப்போது முதலிலிருந்து கடைசி வரை வேறொன்றைத் தேடினேன். மரம் இருந்தது, தாழ், நிலை, படி, மழை, தெருவிளக்கு, ஒரு நாய் இருந்தது. நீண்ட அடி, குறைந்த அடி. அப்பா என்ற சொல் இல்லை. நாற்காலி இல்லை, செய்தித்தாள் இல்லை. உள்ளே யாரோ இருக்கிறார்கள் என்றுகூட ஓரிடத்திலும் இல்லை.

"என்னைப் பத்தி எங்கயுமே இல்லையே" என்றேன்.

"இல்ல சார்" என்றார் ஆம்ப்ரோஸ். "ஒரு எடத்துலயும் இல்ல. நான் அவளுக்குத் திருத்திக் கொடுத்தப்ப அதைத்தான் முதல்ல பாத்தேன்."

ருக்கு பூஜை அலமாரிப் பக்கம் போனாள். விளக்கு வைக்கும் நேரம் ஆகியிருந்தது. தீக்குச்சி உரசும் சத்தம் கேட்டது. பிறகு வழக்கம்போலக் கொல்லைக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

நான் தாள்களைப் பார்கவியிடம் கொடுத்தேன். "எல்லாம் இருக்கட்டும். ஒண்ணையும் எடுக்க வேண்டாம்" என்றேன்.

"ரொம்ப தேங்க்ஸ் சார்." அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கியிருந்தது. "அப்ப போட்டோ... இல்ல, இன்னொரு நாள் காலையில வந்து எடுத்துக்கறேன். இப்ப கதவைச் சாத்தச் சொல்ல முடியாது, எனக்குத் தெரியும்."

"அட்டைக்கு எந்த வெளிச்சம் வேணும்?"

"கவிதைப்படி பாத்தா, இந்த வெளிச்சம்தான் சார்."

"அப்ப இப்பவே எடுத்துக்கோ."

"ஏன்னா" என்றாள் ருக்கு.

"எடுத்துக்கட்டும்."

பார்கவி காமிராவைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். வெளிச்சம் பற்றாது, யாராவது கைபேசி விளக்கைப் பிடிக்க வேண்டும் என்றாள். நீல் எழுந்து ஷூவை மாட்டிக்கொண்டு அவள் பின்னால் போனார். ஆம்ப்ரோஸுக்கு முழங்கால் வலி, உட்கார்ந்தே இருந்தார். சுந்தரம் ஜன்னலோரம் போய் நின்றான்.

நான் எழுந்து போய்க் கதவைச் சாத்தினேன். இரண்டு பலகையையும் சேர்த்து, தாழையும் போட்டேன். தாழ் இல்லாவிட்டால் இடுக்கில் வெளிச்சம் கசியும் என்று பார்கவி சொல்லியிருந்தாள். எழுபத்தெட்டு வயதில், விளக்கு எரிகிற நேரத்தில் அந்தக் கதவின் உட்பக்கத்தை நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை. உட்பக்கத்தில் குமிழ் கிடையாது. மரத்தில் ஓரிடத்தில், என் இடுப்பு உயரத்தில், பென்சிலால் ஒரு கோடு இருந்தது. வித்யாவுக்கு உயரம் பார்த்தபோது போட்டது. கதவு திறந்திருக்கும்போது அந்தப் பக்கம் சுவரை ஒட்டிப் போய்விடும்; ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுச் சாத்துவது ருக்கு. அதனால் தெரிந்திருக்கவில்லை.

வெளியே நீலின் குரலும் பார்கவியின் குரலும் கேட்டன. இன்னும் கொஞ்சம் இடது பக்கம், நிழல் விழுது, ஆங் அப்படித்தான். மரத்தின் வழியாகக் கேட்கும்போது யாருடைய குரலும் தூரத்தில் இருப்பதுபோலத்தான் இருக்கிறது. எதிர்வீட்டு மாடியிலிருந்து பாமா கன்னடத்தில் "ஏனாயித்து?" என்று, என்ன ஆயிற்று என்று, யாரையோ கேட்டதும் காதில் விழுந்தது. யாரும் பதில் சொன்னதாகத் தெரியவில்லை.

"முடிஞ்சுது சார்" என்று பார்கவி கூப்பிட்டாள்.

தாழை எடுத்துத் திறந்தேன். நீல் படியில் நின்றுகொண்டிருந்தார், கையில் இன்னும் விளக்கு எரிகிற கைபேசியோடு. வெளிச்சம் என் முகத்தில் பட்டது, அணைத்தார். காலில் ஷூ இருந்தது.

"உள்ள வாங்கோ" என்றேன்.

"பரவால்ல சார், ஷூ போட்டுட்டேன். அப்பாவைக் கூட்டினு அப்படியே கிளம்பறேன். ட்ராஃபிக் ஏறிடும்."

"சரி" என்றேன்.

ஆம்ப்ரோஸ் மெதுவாக எழுந்து வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு ஷூவைப் போட்டார். படி இறங்க நீல் கை கொடுத்தார். கடைசிப் படியில் ஆம்ப்ரோஸின் கால் ஒரு கணம் காற்றில் நின்று, பிறகு தரையைத் தொட்டது. ருக்கு பார்கவிக்கு வெற்றிலை பாக்கு கொடுத்தாள். தலைக்கவசத்தை ஸ்டூலிலேயே விட்டுவிட்டார் நீல். சுந்தரம் எடுத்துக்கொண்டு கேட் வரை ஓடினான். கேட் சத்தம் கேட்டது. கதவு அதற்குப் பிறகு வழக்கம்போலத் திறந்தே இருந்தது.

புத்தகம் தை மாதம் வந்தது. அட்டையில் எங்கள் கதவு இருக்கிறது. நன்றாகத்தான் இருக்கிறது. கீழே அவள் பெயரை முழுதாக, வித்யாலட்சுமி என்று போட்டிருக்கிறார்கள்.

பெண்ணைத்தான் அன்று வெளியே நிறுத்தினார், அவள் செத்த பிறகும் மனசு இளகாமல் மாப்பிள்ளையையும் விளக்கு வைத்த நேரத்தில் வெளியே தள்ளிக் கதவைத் தாழ் போட்டார் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். மாப்பிள்ளையை நான் வெளியே தள்ளவில்லை. அவர் விளக்குப் பிடிக்கப் போனார். புகைப்படத்துக்காகக் கதவைச் சாத்தினேன். எடுத்து முடித்ததும் திறந்தேன். என் மகள் வந்த அன்று கதவு சாத்தியிருந்தது என்பதும் தவறு. கவிதையில்தான் அது சாத்தியிருந்தது. அன்று அது திறந்திருந்தது.